‘விஷவாயு தாக்கி பலி’ என்று இனி எழுதாதீர்கள்

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். முப்பது வருடத்துக்கும் மேலாக உங்கள் பத்திரிகையை வீட்டுக்கு வாங்கிப் படிக்கிறவன். இதுவரை ஒரு கடிதம்கூட எழுதியதில்லை. எழுத வேண்டும் என்று தோன்றும், அப்புறம் ஏதாவது வேலை வரும், விட்டுவிடுவேன். இந்த முறை விட முடியவில்லை. இந்த மாதமும் உள்பக்கத்தில் ஒரு மூலையில் அதே தலைப்பு. செப்டிக் டேங்க் சுத்தம் செய்தபோது விஷவாயு தாக்கி இருவர் பலி. ஊர் பெயரையும் வயதையும் மாற்றிவிட்டால் போன வருடம் வந்த செய்திக்கும் இதற்கும் ஒரு வித்தியாசமும் இல்லை. கடைசி வரி வரைக்கும் அப்படியே. “தகவல் அறிந்து வந்த போலீசார் உடல்களைக் கைப்பற்றி பிரேதப் பரிசோதனைக்காக அரசு மருத்துவமனைக்கு அனுப்பி வைத்தனர். இதுகுறித்து வழக்குப் பதிவு செய்து விசாரித்து வருகின்றனர்.” என்ன வழக்கு, யார் மீது வழக்கு, விசாரித்து என்ன ஆனது என்று மறுநாளோ மறுமாதமோ ஒரு வரி வந்து நான் பார்த்ததில்லை.

நான் எழுதுவது அந்தத் தலைப்பைப் பற்றித்தான். ஒரு மொழிச் சிக்கலைப் பெரிதாக்குகிறேன் என்று தயவுசெய்து நினைக்காதீர்கள்.

‘விஷவாயு தாக்கி’ என்றால் தாக்கியது யார்? விஷவாயு. வெட்டிக் கொலை என்று போட்டால் வெட்டியவன் யார் என்று அடுத்த வரியில் தேடுகிறோம். லாரி மோதி பலி என்று போட்டால்கூட லாரி டிரைவர் கைது என்று கீழே ஒரு வரி இருக்கும். விஷவாயு தாக்கி என்று போட்டுவிட்டால் தேடுவதற்கு ஆளே இல்லை. குற்றவாளி அந்தக் குழிக்குள்ளேயே இருக்கிறது, அதைக் கைது செய்யவும் முடியாது, பேட்டி எடுக்கவும் முடியாது. பிறகு ‘பலி’. நம் ஊரில் பலி என்றால் கொடுக்கிறவர் ஒருவர் இருப்பார், வாங்கிக்கொள்கிறவர் ஒருவர் இருப்பார். இங்கே கொடுத்தது யார் என்று செய்தியில் இல்லை.

அந்த வாயு எங்கிருந்தோ திடீரென்று வந்து தாக்குவதும் இல்லை. மலம் காற்றில்லாமல் மூடிக்கிடந்து அழுகினால் ஹைட்ரஜன் சல்பைடு, மீத்தேன், கார்பன் டை ஆக்சைடு எல்லாம் உண்டாகும் என்பது பள்ளிக்கூடத்துப் பாடம். எல்லா மலக்குழியிலும், எல்லா நாளும், உங்கள் வீட்டுத் தொட்டியிலும் என் வீட்டுத் தொட்டியிலும் இந்த நிமிடம்கூட அது இருக்கிறது. கிணற்றில் தண்ணீர் இருப்பது மாதிரி. நீந்தத் தெரியாத ஒருவனைக் கயிறு கட்டிக் கிணற்றுக்குள் இறக்கிவிட்டு, அவன் மூழ்கிச் செத்த பிறகு ‘தண்ணீர் தாக்கி வாலிபர் பலி’ என்று தலைப்புப் போடுவோமா? இறக்கியது யார் என்றுதானே முதலில் கேட்போம்.

இந்த ஹைட்ரஜன் சல்பைடைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் செத்தவர்களைப் பற்றியே சிலர் “முன்னெச்சரிக்கை இல்லாமல் இறங்கினால் இப்படித்தான்” என்று பேசுவதைக் காதால் கேட்டிருக்கிறேன். கொஞ்சமாக இருக்கும்போது அது அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும், எல்லோருக்கும் தெரியும். அளவு கூடினால் நாற்றம் நின்றுவிடும். வாயு போனதால் இல்லை, மோப்பம் பிடிக்கும் நரம்பு மரத்துப்போவதால். உள்ளே நிற்கிறவனுக்கு நாற்றம் குறைந்துவிட்டது, இனி பயமில்லை என்று தோன்றும் நேரம்தான் ஆபத்து முற்றும் நேரம். இன்னும் கூடினால் ஓரிரு மூச்சிலேயே ஆள் சரிந்துவிடுவான். அது காற்றைவிடக் கனம் என்பதால் அடியிலேயே தங்கும். சேற்றுக்குள் சிக்கியிருப்பது மேலே இருந்து பார்த்தால் தெரியாது, கால் வைத்துக் கிளறியதும் குபீரென்று வெளியே வரும். மூடியைத் திறந்து அரைமணி நேரம் விட்டுவிட்டோம், கொளுத்திய காகிதத்தைப் போட்டுப் பார்த்தோம் என்று சொல்கிறார்களே, அதெல்லாம் இதற்கு முன்னால் நிற்காது. மீத்தேன் நிறைந்த குழியில் நெருப்பைப் போட்டால் வெடிக்கவும் செய்யும்.

இதனால்தான் ஒருவர் செத்தால் கூடவே இன்னொருவரும் சாகிறார். 2019 மார்ச்சில் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு குடியிருப்பின் தொட்டியில் ஒருவர் பின் ஒருவராக ஆறு பேர் செத்தார்கள், நினைவிருக்கும். உள்ளே விழுந்தவரைத் தூக்க இறங்கியவர், அவரைத் தூக்க இறங்கியவர் என்று போய்க்கொண்டே இருந்தது. அந்த வருடம் செப்டம்பரில் உச்ச நீதிமன்றமே, உலகத்தில் வேறு எந்த நாட்டிலும் மனிதர்களை விஷவாயுக் கூடத்துக்குள் சாக அனுப்புவதில்லை என்று சொன்னது. நீதிபதி ‘அனுப்புவதில்லை’ என்றார் பாருங்கள். அனுப்புகிறவர் ஒருவர் இருக்கிறார் என்பது அந்தச் சொல்லிலேயே இருக்கிறது.

சரி, இதை ஏன் இவ்வளவு ஆத்திரமாக எழுதுகிறேன் என்றால், அப்படி அனுப்பியவர்களில் நானும் ஒருவன்.

நாங்கள் இருப்பது தாம்பரம் பக்கம் 18 வீடுகள் கொண்ட ஒரு குடியிருப்பு. 2015 டிசம்பர் வெள்ளத்தில் தரைத்தளம் மூழ்கியது. வெள்ளம் வடிந்த பிறகு தொட்டிக்குள் எவ்வளவு மண் போயிருக்கிறது என்று யாரும் பார்க்கவில்லை. பாதாள சாக்கடை அப்போது எங்கள் தெருவுக்கு வரவில்லை. 2016 கோடையில் கீழ்வீட்டுக் கழிப்பறையில் தண்ணீர் இறங்காமல் மேலே வர ஆரம்பித்தது. நான் அப்போது சங்கத்தின் பொருளாளர். செயலாளர் ஒரு பிளம்பரிடம் சொன்னார், பிளம்பர் ஒரு லாரிக்காரரிடம் சொன்னார், ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கே லாரி வந்துவிட்டது. தொட்டியின் மூடி கார் நிறுத்துமிடத்துக்கு அடியில் இருந்தது. இரண்டு காரைத் தள்ளி நிறுத்தி, கடப்பாரையால் நெம்பித் திறந்தார்கள். குழாயை உள்ளே விட்டு இருபது நிமிடம் உறிஞ்சியதும் அது காற்றை இழுத்துக் கொறகொறவென்று சத்தம் போட ஆரம்பித்தது. “அடியில கெட்டியா நிக்குது சார், ஆள் எறங்கி வழிச்சாத்தான் வரும்” என்றார் டிரைவர். எவ்வளவு என்று கேட்டோம். நாங்கள் கேட்ட ஒரே கேள்வி அதுதான். ஆளுக்கு ஆயிரம், அப்புறம் சரக்குக்குத் தனியாக. அந்த நாற்றத்தில் நிதானத்தோடு இறங்க முடியாது என்று டிரைவர் சொன்னது எங்களுக்கு நியாயமாகத்தான் பட்டது. நான்தான் எண்ணிக் கொடுத்தேன்.

இறங்கிய பையனுக்கு இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயது இருக்கும். சட்டையைக் கழற்றி, போனை அதற்குள் சுருட்டி, எங்கள் மீட்டர் போர்டு மேல் வைத்தான். உடம்பில் எண்ணெய் தடவிக்கொண்டான். இடுப்பில் ஒரு கயிறு, மறுமுனை வயதான ஒருவர் கையில். அவ்வளவுதான். முகமூடி இல்லை, ஆக்சிஜன் இல்லை, உள்ளே என்ன வாயு இருக்கிறது என்று பார்க்கிற கருவி இல்லை, காலில் செருப்புகூட இல்லை. அவன் உள்ளே இருக்கும்போது மீட்டர் போர்டு மேல் இருந்த போன் அடித்தது. முழுசாக அடித்து நின்று, மறுபடியும் அடித்தது. அங்கே நின்றிருந்த ஏழெட்டுப் பேர் காதிலும் விழுந்தது. யாரும் எடுக்கவில்லை. வாளி வாளியாக மேலே வந்ததில் பாதி வெள்ளத்து மண், மீதி நாங்கள் போட்டது: டயாப்பர், நாப்கின், துணி, பிளாஸ்டிக் கவர். எங்கள் 18 வீடுகளில் யாரோ ஒருவர் கழிப்பறையில் போட்டுத் தண்ணீர் ஊற்றியதைத்தான் அவன் வெறும் கையால் அள்ளிக்கொண்டிருந்தான்.

கால்மணி நேரத்துக்கு மேல் உள்ளே இருந்துவிட்டு மேலே ஏறி வந்தான். கண் சிவந்திருந்தது. குடிக்கத் தண்ணீர் கேட்டான். செடிக்குத் தண்ணீர் விடும் ஹோஸ் பைப்பைக் காட்டினார்கள். அதிலேயே குளித்து, அதிலேயே குடித்து, பேப்பர் கப்பில் டீ வாங்கிக்கொண்டு தெருவோரம் உட்கார்ந்து போனை எடுத்துப் பேசினான். “வேலையா இருந்தேம்மா.”

ஒன்றும் ஆகவில்லை. அதனால் நாங்கள் எல்லோரும் மறந்துவிட்டோம். அன்றைக்கு ஏதாவது ஆகியிருந்தால் உங்கள் பத்திரிகையில் ‘தாம்பரம் அருகே விஷவாயு தாக்கி வாலிபர் பலி’ என்று வந்திருக்கும், அதில் என் பெயர் இருந்திருக்காது, செயலாளர் பெயர் இருந்திருக்காது, குடியிருப்பின் பெயர்கூட வந்திருக்குமா என்று சந்தேகம்தான்.

ரொம்ப வருடம் கழித்து, ஒரு வழக்குச் செய்தியைப் படித்த பிறகுதான் சட்டத்தை எடுத்து உட்கார்ந்து பார்த்தேன். கையால் மலம் அள்ளும் வேலைக்கு ஆள் வைப்பதைத் தடை செய்யும் முதல் சட்டம் 1993இல் வந்தது. அது பெரும்பாலும் உலர் கழிப்பறைகளைப் பற்றி, அதாவது தண்ணீர் ஊற்றாமல் மலத்தைக் கையால் அள்ள வேண்டிய கழிப்பறைகளைப் பற்றிப் பேசியது. 2013இல் வந்த இரண்டாவது சட்டம்தான் செப்டிக் டேங்கையும் பாதாள சாக்கடையையும் சேர்த்தது, அந்த வருடம் டிசம்பர் 6 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன் 7ஆவது பிரிவு சொல்வது, எந்த நபரும், எந்த உள்ளாட்சியும், எந்த நிறுவனமும், நேரடியாகவோ மறைமுகமாகவோ, ஆபத்தான முறையில் தொட்டியையோ சாக்கடையையோ சுத்தம் செய்ய ஆளை அமர்த்தக் கூடாது. மறைமுகமாகவோ என்ற சொல்லை நான் இரண்டு முறை படித்தேன். பிளம்பரிடம் சொன்னோம், லாரிக்காரர் கூட்டி வந்தார், எங்களுக்குத் தெரியாது என்று தப்பிக்க வழியில்லாமல்தான் அதை எழுதியிருக்கிறார்கள். மீறினால் முதல் முறை 2 ஆண்டு வரை சிறை அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். மறுபடி செய்தால் 5 ஆண்டு, 5 லட்சம் வரை போகலாம். ஜாமீனில் விட முடியாத குற்றம். இதற்கு யாரும் சாக வேண்டும் என்றுகூட அவசியமில்லை, பாதுகாப்பில்லாமல் இறக்கினாலே குற்றம். அதாவது 2016இல் அந்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் வாசலில் நடந்தது கூலி வேலை இல்லை, குற்றம். நான் பொருளாளராக இருந்து அதற்குப் பணம் எண்ணினேன்.

2014 மார்ச் 27 அன்று உச்ச நீதிமன்றம், 1993 முதல் இப்படிச் செத்த ஒவ்வொருவர் குடும்பத்துக்கும் 10 லட்சம் ரூபாய் கொடுக்க வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னது. கையால் மலம் அள்ளுவதை ஒழிக்கப் போராடும் சஃபாய் கர்மசாரி ஆந்தோலன் அமைப்பு பத்து வருடத்துக்கு மேல் விடாமல் நடத்திய வழக்கு அது. தீர்ப்பை எழுதியவர் நம் ஈரோடு மாவட்டத்துக்காரரான தலைமை நீதிபதி சதாசிவம். 2023 அக்டோபரில் அந்தத் தொகையை 30 லட்சமாக உயர்த்தினார்கள். நிரந்தரமாக முடங்கிப்போனால் குறைந்தது 20 லட்சம். ஆனால் அப்படி ஒரு தொகை தங்களுக்கு உரியது என்று செத்தவர் வீட்டுக்கு யார் போய்ச் சொல்வது? வீட்டுக்காரர் ஒரு தொகை பேசி, ஊர்ப் பெரியவர்கள் நடுவில் உட்கார்ந்து முடித்துவைத்து, ஒரு தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விடுகிறார்கள். மூன்று பிள்ளைகளோடு நிற்கும் பெண் அன்றைக்குக் கிடைக்கும் பணத்தை வேண்டாம் என்றா சொல்வாள்?

இந்த மாதிரி மரணங்கள் 1993 முதல் அரசுக் கணக்கில் ஏறியவை நாடு முழுக்க ஆயிரத்துக்கும் மேல். அதில் எந்த மாநிலத்தைவிடவும் அதிகம் தமிழ்நாட்டில், 200க்கும் மேல். கணக்கெடுப்பதை நாம் ஓரளவு ஒழுங்காகச் செய்கிறோம், மற்ற மாநிலங்கள் மறைக்கின்றன என்று இதற்கு ஒரு சமாதானம் சொல்வார்கள். அதில் கொஞ்சம் உண்மை இருக்கலாம். ஆனால் செத்தது 200க்கும் மேற்பட்டவர்கள் என்பது மாறப்போவதில்லை. சமூக நீதி என்று மேடைக்கு மேடை பேசுகிற மாநிலம் இது, அந்தப் பேச்சில் எனக்கு உண்மையாகவே பெருமை உண்டு, அதனால்தான் இந்தக் கணக்கு இன்னும் வலிக்கிறது.

இறங்குகிறவர்கள் யார் என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் உங்கள் செய்தியில் ‘கூலித் தொழிலாளி’ என்று மட்டும்தான் வரும். மத்திய அரசே, துப்புரவு வேலையை இயந்திரத்துக்கு மாற்றும் நமஸ்தே திட்டத்துக்காகக் கழிவுநீர்த் தொழிலாளர்கள் சுமார் 38,000 பேரைக் கணக்கெடுத்தது. அதில் பட்டியல் சாதியினர் மட்டும் ஏறக்குறைய 69 சதவீதம். 2011 கணக்குப்படி நாட்டு மக்கள்தொகையில் அவர்கள் 16.6 சதவீதம். பழங்குடியினரையும் பிற்படுத்தப்பட்டோரையும் சேர்த்தால் 92 சதவீதத்துக்குப் போகிறது. ஏழ்மையால்தான் இறங்குகிறார்கள் என்றால் எல்லாச் சாதியிலும் ஏழைகள் இருக்கிறார்களே, அவர்கள் ஏன் இறங்குவதில்லை? அரசியல் சட்டத்தின் 17ஆவது பிரிவு தீண்டாமையை ஒழித்து எழுபத்தைந்து வருடம் ஆகிறது. எங்கள் வாசலில் அந்தப் பையனுக்கு ஹோஸ் பைப்பைக் காட்டியவர்கள் படித்தவர்கள், நல்லவர்கள், யாரிடமும் குரலை உயர்த்திப் பேசாதவர்கள். ஒரு டம்ளரில் தண்ணீர் கொண்டுவரலாம் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை.

அநியாயம் என்றால் யாரோ ஒரு கொடியவன் செய்வது என்றுதான் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். இதில் அப்படி ஒருவனைத் தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை. செயலாளர் பிளம்பரிடம் சொன்னதோடு அவர் வேலை முடிந்தது. பிளம்பர் போன் நம்பர் கொடுத்ததோடு சரி. லாரிக்காரர் ஆளைக் காட்டினார். நான் பணம் கொடுத்தேன். கட்டிடம் கட்டியவர் லாரிக் குழாய் முழுசாகச் சுற்றிவர முடியாதபடி ஒரே ஒரு சின்ன மூடி வைத்துத் தொட்டியைக் கட்டிவிட்டுப் போய்விட்டார். அதற்கு அனுமதி கொடுத்தவர் வரைபடத்தில் முத்திரை குத்தினார். ஒவ்வொருவர் கையிலும் கொஞ்சம் கொஞ்சம்தான் இருக்கிறது, யாருக்கும் கனக்கவில்லை. அத்தனையும் சேர்ந்து அந்தப் பையன் இடுப்பில் ஒரு கயிறாகக் கட்டியிருந்தது.

வழி இல்லாமலும் இல்லை. இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை தொட்டியைக் காலி செய்தால் அடியில் இருப்பது குழம்பு மாதிரி இளகித்தான் இருக்கும், லாரியே முழுசாக உறிஞ்சிவிடும். நாம் என்ன செய்கிறோம், நிரம்பி வெளியே வழிகிற வரைக்கும் எட்டு வருடம், பத்து வருடம் திறப்பதே இல்லை. அதற்குள் அடிச்சேறு களிமண் மாதிரி இறுகிவிடுகிறது. அப்போதும் ஆள் இறங்கத் தேவையில்லை, மேலே இருந்தே அழுத்தமாகத் தண்ணீர் அடித்துக் கரைத்து, இரண்டு மூன்று முறை உறிஞ்ச வேண்டும். லாரி இரண்டு நடை வர வேண்டும், செலவு கூடும். அந்தச் செலவை மிச்சம் பிடிக்கத்தான் மனிதனை இறக்குகிறோம். சாக்கடைக்குள் இறங்கி அள்ளும் ரோபோ பக்கத்துக் கேரளத்தில் உருவாகி 2018 முதல் திருவனந்தபுரத்தில் வேலை செய்கிறது, சென்னை ஐஐடியிலும் செப்டிக் டேங்குக்கென்றே ஒன்றை உருவாக்கியிருக்கிறார்கள். செவ்வாய்க்குக் கலம் அனுப்பிய நாட்டில் இது முடியாத காரியம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

பெயரை மாற்றுவதை மட்டும் எல்லோரும் சீக்கிரம் செய்துவிடுகிறார்கள். சாக்கடை மேன்ஹோலைத் தமிழில் ‘ஆள் இறங்கு குழி’ என்று எழுதிக்கொண்டிருந்தோம். ஆள் இறங்குவதற்கென்றே ஒரு குழி, பெயரே அப்படி. இப்போது சென்னைக் குடிநீர் வாரிய அறிவிப்புகளில் ‘இயந்திர நுழைவாயில்’ என்று வருகிறது. 2023 மத்திய பட்ஜெட்டிலும் மேன்ஹோலை மெஷின் ஹோலாக மாற்றுவோம் என்று அறிவித்தார்கள். நல்லதுதான், மாற்ற வேண்டிய பெயர்தான். ஆனால் 2021 ஜூலையில் மாநிலங்களவையில், கையால் மலம் அள்ளியதால் ஒருவரும் சாகவில்லை என்று பதில் வந்தது. சாக்கடையிலும் தொட்டியிலும் செத்தவர்களை ‘அபாயகரமான துப்புரவுப் பணி’ என்ற வேறு தலைப்பில் எழுதியிருந்ததால் அப்படிச் சொல்ல முடிந்தது. ஒரு சொல்லை மாற்றினால் நூற்றுக்கணக்கான பிணங்கள் கணக்கை விட்டுப் போய்விடுகின்றன. அதனால்தான் உங்கள் தலைப்பில் இருக்கும் ஒரு சொல்லுக்காக இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. அடுத்த முறை இந்தச் செய்தி வரும்போது, வராமல் இருக்க வேண்டும் என்றுதான் வேண்டிக்கொள்கிறேன், வந்தால், ‘செப்டிக் டேங்கில் இறக்கப்பட்ட இருவர் மரணம்’ என்று போடுங்கள். இறக்கப்பட்ட என்று படித்ததுமே இறக்கியது யார் என்று வாசிக்கிறவர் கேட்பார். அந்தக் கேள்விக்குப் பதிலை உங்கள் நிருபர் கீழே எழுத வேண்டியிருக்கும். யாருடைய கட்டிடம், யார் கூப்பிட்டது, யார் பணம் கொடுத்தது. போலீசில் கேட்கும்போது ‘வழக்குப் பதிவு’ என்பதோடு நிறுத்தாமல் எந்தச் சட்டத்தில் என்று ஒரு வார்த்தை கேட்கச் சொல்லுங்கள். அலட்சியத்தால் மரணம் என்று மட்டும் போட்டிருக்கிறார்களா, 2013ஆம் ஆண்டுச் சட்டத்தையும் சேர்த்திருக்கிறார்களா என்று பத்திரிகைக்காரர் கேட்கிறார் என்று தெரிந்தாலே எஃப்ஐஆர் வேறு மாதிரி எழுதப்படும். 30 லட்சம் அந்தக் குடும்பத்துக்கு உரியது என்பதைச் செய்தியிலேயே ஒரு வரியாகப் போட்டுவிடுங்கள். உங்கள் பத்திரிகை டீக்கடையில் கிடக்கும், செத்தவர் தெருவிலும் யாராவது படிப்பார்கள், படித்துவிட்டு அந்த வீட்டில் போய்ச் சொல்வார்கள்.

விபத்துச் செய்திக்கு நான்கு வரிக்கு மேல் இடம் கிடையாது, நிருபருக்கு ஒரு நாளைக்குப் பத்துச் செய்தி, வீட்டு உரிமையாளர் பெயரை விசாரணைக்கு முன்னால் போட்டால் வக்கீல் நோட்டீஸ் வரும் என்று நீங்கள் சொல்லக்கூடும். எனக்குப் புரிகிறது. பெயர் வேண்டாம், ‘குடியிருப்பு நிர்வாகத்தினர் அழைத்ததன் பேரில்’ என்று எழுதினால்கூடப் போதும். ஒரு நகைக்கடைத் திருட்டை ஒரு வாரம் விடாமல் தொடர்கிற பத்திரிகைக்கு இரண்டு உயிர் போன வழக்கு என்ன ஆனது என்று ஆறு மாதம் கழித்து ஒரு போன் போட்டுக் கேட்க முடியாது என்று நான் நம்பவில்லை.

எங்கள் குடியிருப்பில் இப்போது இரண்டு வருடத்துக்கு ஒருமுறை லாரியை வரச் சொல்கிறோம். தொட்டிக்கு இன்னொரு மூடியும் திறந்திருக்கிறோம். ஆள் இறங்கக் கூடாது என்று சங்கக் கூட்டத்தில் தீர்மானம் எழுதி எல்லோரிடமும் கையெழுத்து வாங்கினேன். இரண்டு பேர், இதெல்லாம் எதற்கு சார், லாரிக்காரன் பாடு அது என்றார்கள், கடைசியில் போட்டுவிட்டார்கள். லாரி இரண்டு நடை வந்ததில் வீட்டுக்கு 150 ரூபாய் கூடுதலாக ஆனது. 2016இல் நாங்கள் மிச்சம் பிடித்தது அந்த அளவு பணத்தைத்தான்.

இந்தக் கடிதம் எழுத உட்கார்ந்தபோது பழைய சங்க ஃபைலைத் தேடி எடுத்தேன். அன்றைய வவுச்சர் அதிலேயே இருக்கிறது. ‘தொட்டி சுத்தம், ஆள் கூலி 2 பேர்’ என்று தொகையோடு எழுதியிருக்கிறது. பெற்றுக்கொண்டவர் பெயர் என்ற இடத்தில் ‘லாரி ஆட்கள்’ என்று இருக்கிறது, அந்தப் பையனின் பெயரை அன்று யாரும் கேட்கவில்லை. கொடுத்தவர் என்ற இடத்தில் என் கையெழுத்து. நகல் எடுத்து இந்தக் கடிதத்தோடு இணைத்திருக்கிறேன். உங்கள் நிருபர்களிடம் காட்டுங்கள், ஒவ்வொரு சாவுக்குப் பின்னாலும் யாரோ ஒருவர் ஃபைலில் இப்படி ஒரு தாள் இருக்கும், அதைக் கேட்டு வாங்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் நீண்டகால வாசகர்,
தாம்பரம்.